இரண்டு மெஷினுக்கு ஒரு ரிப்பன்

“…அதாவது ரிப்பன் ஹட் பேல இருந்தா கறுப்பு, என் கைக்கு வந்தா வெளுப்பு. அதனால திருடி நான்தான். இதானே சார் உங்க ஹிசாப், உங்க கணக்கு?”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது என் காதில் விழுந்தது இந்தப் பின்பாதிதான். லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலிருந்து வந்த கப்பலை விட்டு இறங்கி, ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து மழையில் நேராக ஆபீசுக்கு வந்திருந்தேன். ஒரு கையில் குடை, மறு கையில் சின்ன டைப்ரைட்டர் பெட்டி. இரண்டையும் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

பேசியவர் எங்கள் ஆபீசின் டைப்பிஸ்ட் அக்கா. தன் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய டைப்ரைட்டரில் ஒரு கடிதம் பாதி அடித்தபடி நின்றது. எதிரே ஹெட் கிளார்க், கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு. டின்னைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு. அந்த டின்னுக்குள்தான் ரிப்பன் இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் ஒரு ரிப்பனும் எப்படி அந்த நிலைக்கு வந்து சேர்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் அக்கா அடுத்து என்ன செய்தார் என்பதற்கு அர்த்தம் இருக்கும்.

இப்போது டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் என் மகள் வீட்டு மேஜையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. ஆபீசிலிருந்து அவள் தூக்கிக்கொண்டு வரும் லேப்டாப் ஒன்றும் உண்டு. திரை ஒன்று, கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று. நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதன் பட்டனை அழுத்தினால் அத்தனையும் இதை விட்டு அதற்குப் போய்விடும், மறுபடி அழுத்தினால் திரும்பி வந்துவிடும். நான் அந்தப் பக்கம் நடந்தாலே, “அப்பா, பட்டனைத் தொட்டீங்களா?” என்பாள். தொட்டிருக்க மாட்டேன். ஆனாலும் தொட்டவன் மாதிரியே ஒரு முழி வந்துவிடும். ஒரு சாமானை இரண்டு இடம் பங்கு போட்டுக்கொண்டால் நடுவில் நிற்கிறவன் மேல் ஒரு கண் விழத்தான் செய்கிறது. அந்தக் கண்ணோடு எனக்குப் பழக்கம் எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஆகிவிட்டது.

அப்போது நான் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். லிட்டில் அந்தமானில் காடு வெட்டிக் குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். தகரம், சிமெண்ட், அரிசி, ஆணி எல்லாம் ஃபீனிக்ஸ் பேயில் ஏற்றி ஹட் பேயில் இறக்குவது எங்கள் பிழைப்பு. முதலாளி மெட்ராசில். இங்கே எல்லாம் ஹெட் கிளார்க்தான். மதுரைப் பக்கத்து மனிதர். டீ கிளாஸைக் கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். யாராவது முகம் சுளித்தால், “நான் சந்தேகப்படலப்பா, ஊர்ஜிதப்படுத்திக்கிறேன்” என்பார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மனிதர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் இந்த மாதிரி வாசகங்களைப் பொறுக்கி வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். படிப்பு அதிகம் ஏறாதவன், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவன், டைப்பிங் கூட நானாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டதுதான். அதனால் மற்றவர்கள் பேசுவதை வைத்துத்தான் நான் எதையும் தெரிந்துகொண்டேன்.

அக்கா அப்படியில்லை. முறையாகக் கற்றவர். தீவிலேயே பிறந்தவர். கைதிகள் காலத்தில் வந்து தங்கிப்போன குடும்பம். தமிழ் பேசினால் நடுவில் ஹிந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும், கோபம் வந்தால் ஹிந்தி முன்னால் வந்துவிடும். “நாங்க தமிழ்லதான் யோசிக்கிறோம் தம்பி, சண்டைக்கு மட்டும் ஹிந்தி,” என்று ஒருமுறை சொன்னார்.

ஆபீசில் மெஷின் இரண்டு. ஒன்று அக்காவின் மேஜையில் இருந்த பெரிய மெஷின். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்னொன்று கைப்பிடி வைத்த பெட்டிக்குள் அடங்கும் சின்ன மெஷின். அது நான் ஹட் பே போகும்போதெல்லாம் என்னோடு கப்பலேறும். மெஷின் இரண்டு என்றாலும் மற்ற சாமான் ஒரே செட். மெஷின் அடிக்கும்போது நகராமல் அடியில் போடும் கம்பளித் துண்டு ஒன்று. பார்த்து அடிக்க வேண்டிய தாளைச் சாய்த்து வைக்கும் பலகை ஒன்று. எழுத்துக்குள் சேரும் அழுக்கை எடுக்கும் பிரஷ் ஒன்று. கழுத்தை வளைக்கக்கூடிய மேஜை விளக்கு ஒன்று. “ஒரு ஆள் கப்பல்ல, ஒரு ஆள் ஆபீஸ்ல. ரெண்டு செட்டு எதுக்கு?” என்று முதலாளி எழுதிவிட்டார்.

ரிப்பன் மட்டும் முன்பு இருப்பு இருந்தது. அந்த மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்து பார்த்தால் மொத்தமும் பூஞ்சை. வெள்ளை வெள்ளையாக, தயிர் தெளித்த மாதிரி. தேறியது ஒன்றே ஒன்று. மெயின்லேண்டுக்கு எழுதிப் போட்டோம். அது கப்பலேறி வரும்வரை இரண்டு மெஷினுக்கும் அந்த ஒரே ரிப்பன். நல்லவேளை, இரண்டிலும் ஒரே அளவுச் சுருள்தான் பொருந்தும்.

நான் கிளம்பும்போது அக்கா பெரிய மெஷினிலிருந்து ரிப்பனைக் கழற்றித் தருவார். நான் போனபிறகு அவர் சும்மா இருக்க மாட்டார், ஸ்டென்சில் வெட்டுவார். ஸ்டென்சில் என்பது மெழுகுத்தாள். எழுத்து அதில் மையில்லாமல் குத்தி ஓட்டை போட்டால் போதும், ரிப்பன் தேவையில்லை. நான் திரும்பி வந்ததும் ரிப்பன் மறுபடி அவர் மெஷினுக்குப் போகும். என் சின்ன மெஷின் தூங்கும், நான் பார்சல் சரிபார்க்கும் வேலைக்குப் போவேன்.

கை மாறும்போது ஒரு சடங்கு வைத்திருந்தோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி அடித்துப் பார்ப்பது. கொடுக்கிறவர் ஒரு வரி, வாங்குகிறவர் ஒரு வரி. இரண்டும் ஒரே கறுப்பாக இருந்தால் தலையாட்டிக்கொள்வோம். முதலில் இதை விளையாட்டாகத்தான் செய்தோம்.

பிறகு அந்த வரிகள் ஒத்துப்போகாமல் ஆகிவிட்டன. ஹட் பேயிலிருந்து நான் கொண்டுவந்து கொடுக்கும் ரிப்பன், நான் கொண்டுபோனபோது இருந்த அதே கறுப்பில் இருக்கும். இங்கே ஆபீசில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு என் கைக்கு மறுபடி வரும்போது சாம்பல் நிறமாகியிருக்கும். இத்தனைக்கும் ஹட் பேயில் நான் அடிக்கிற அடிக்குக் குறைவில்லை. எழுத்து வெளுத்து, கார்பன் நகல் அசலைவிடத் தெளிவாக வர ஆரம்பித்தது.

ஹெட் கிளார்க்குக்கு உடனே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்ததாக அவர் முடிவு செய்துவிட்டார். அந்தக் காலத்தில் குடியேறி வந்தவர்களுக்கு எதற்கெடுத்தாலும் மனு வேண்டும். நிலத்துக்கு மனு, தகரத்துக்கு மனு, மாட்டுக்கு மனு. கையால் எழுதினால் ஆபீசர் பார்ப்பதில்லை, டைப் அடித்தால் உட்கார வைத்துப் பேசுவார் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் டைப் அடிக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலில் எப்போதும் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அக்கா வீட்டிலும் நிற்பார்கள். என் அறையிலும் நின்றிருக்கிறார்கள்.

“ரிப்பன் மனுசன் மாதிரிப்பா. வேல செஞ்சாத்தான் வெளுக்கும்,” என்றார் ஹெட் கிளார்க். “ஆபீஸ் வேலைக்கு இம்புட்டு வெளுக்காது. வேற எங்கிட்டோ வேல நடக்குது.”

“யாரச் சொல்றீங்க சார்?” என்றார் அக்கா.

“யாரையும் சொல்லலம்மா. ரிப்பனச் சொல்றேன்.”

அன்றிலிருந்து ஆபீசில் காற்றே மாறிப்போயிற்று. ரிப்பனை வாங்கும்போது அக்கா அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். “என்ன அக்கா?” என்றால், “மாத்திட்டீங்களோன்னு பாத்தேன். ஷக் இல்ல, சந்தேகம் இல்ல தம்பி, சும்மா மோந்தேன்,” என்பார். ஹட் பேயில் நல்ல ரிப்பனை யாருக்கோ கொடுத்துவிட்டுப் பழசுக்கு மை தடவிக் கொண்டுவருகிறேனோ என்று அவருக்கு. அவர் சனி ஞாயிறில் வந்து அடிக்கிறாரோ என்று எனக்கு. ரிப்பனின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் நான் ஒரு பென்சில் புள்ளி வைத்தேன். அடுத்த முறை பார்த்தால் என் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி இருந்தது. அது அக்கா வைத்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

ஜெட்டி டீக்கடைக்காரர் மலையாளி. எங்கள் இரண்டு பேரையும் தினம் பார்க்கிறவர். “முன்னெல்லாம் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில இருந்து சாயா குடிக்கும். இப்போ நடுவில ஒரு ஆள் இருக்கிற இடம் விட்டு உட்காருது. ஆரு சேட்டா அந்த ஆளு?” என்றார். நான் ரிப்பன் என்று சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பார்.

ஹெட் கிளார்க் தன் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்தார். சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது ரிப்பனை மெஷினிலிருந்து கழற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது. சாவி அவர் இடுப்பில். ரிப்பன் இல்லாத மெஷினில் எவன் மனு அடிக்க முடியும்?

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படாக் மரத்தில் செய்தது, தட்டுகள் முழுப்பலகை இல்லை, இடைவெளி விட்ட சட்டங்கள். ஏனென்றால் தீவில் அலமாரி என்றால் அதற்குள் ஒரு பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் துணி, செருப்பு, காகிதம் எல்லாம் பூத்துவிடும். கீழ்த்தட்டில் பல்பு, அந்தச் சூடு சட்டங்களின் இடைவெளி வழியாக மேலே ஏறும். வசதியுள்ள வீடுகளில் இதற்கென்று தனி பல்பு உண்டு. எங்கள் ஆபீசில் ஏது? பகலில் அக்கா மேஜையில் எரியும் அதே விளக்குதான் சாயங்காலம் அலமாரிக்குள் போய்க் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டு எரியும். பகலில் டைப்ரைட்டருக்கு, இரவில் பூஞ்சைக்கு. விளக்கும் எங்களைப் போல இரண்டு இடத்து உத்தியோகம் பார்த்தது.

ஏற்கெனவே ரிப்பன் மொத்தமும் பூத்துப்போன அனுபவம் இருந்ததால் ஹெட் கிளார்க் டின்னை விளக்குக்கு நேர் மேல்தட்டில் வைத்தார். “அங்கதான் ஈரமே அண்டாது.” மூடியையும் திறந்துவைத்தார். விளக்கின் பல்பு போதாது என்று தோன்றியதால் கடைத்தெருவுக்குத் தானே போய்ப் பெரிய பல்பாக வாங்கிவந்து மாட்டினார். ஆபீஸ் சாமான் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

பூட்டியபிறகு ரிப்பன் முன்பைவிட வேகமாக வெளுத்தது.

“பூட்டின பெறகும் வெளுக்குதுன்னா என்ன அர்த்தம்?” என்றார் அவர்.

“திருடன் உள்ளேயே இருக்கான்னு அர்த்தம் சார்,” என்றார் அக்கா, தட்டுவதை நிறுத்தாமல். “அலமாரிக்குள்ள.”

அவர் சிரிக்கவில்லை. பூட்டை மாற்றினார்.

நடுவில் ஒரு வாரம் காற்றிலும் மழையிலும் கம்பம் சாய்ந்து கரண்ட் இல்லை. கப்பலும் ஓடவில்லை. நானும் ஊரிலேயே இருந்தேன். ஜன்னலோரம் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு மாறி மாறி அடித்தோம். அந்த வாரம் முழுக்க ரிப்பன் வெளுக்கவே இல்லை. நாங்கள் இருவரும் அதைக் கவனித்தோம். ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டோம். நான் பக்கத்திலேயே இருந்ததால் அக்காவால் முடியவில்லை என்று நான் நினைத்தேன். நான் ஹட் பே போகாததால் என்னால் முடியவில்லை என்று அக்கா நினைத்தார். ஹெட் கிளார்க்கோ எங்கள் இருவரையும் தாண்டிப் போய்விட்டார்.

“கரண்ட் இல்லாதப்ப எப்படித் திருட்டு மனு அடிக்க முடியும்? கண்ணு தெரியுமா?”

கேட்கத் தர்க்கமாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஹெட் கிளார்க் முதலாளிக்கு எழுதினால் ஆகும், எழுதாவிட்டால் வீட்டுக்கு. அக்காவின் தகப்பனார் காலமாகி, தாயாரும் போய், இருந்த ஒரு அண்ணன் தூத்துக்குடியில் மாமனார் வீட்டோடு செட்டில் ஆகிவிட்டார். வேலை நிலைத்தால் டெய்ரி ஃபார்ம் வீட்டில் தனியாக இருக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த மெட்ராஸ் கப்பலில் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொந்தக்காரப் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அக்கா மெயின்லேண்டைப் பார்த்ததே இல்லை. ரயிலைப் படத்தில்தான் பார்த்திருந்தார்.

“எனக்குக் கடல் பாத்தா டர் இல்ல தம்பி. கடலுக்கு அந்தப் பக்கத்த நெனச்சாத்தான்,” என்றார் ஒருநாள். “அங்க அண்ணி இருக்கா. அவங்க அம்மா இருக்கா. அவங்க சமையக்கட்டு இருக்கு. என் எடம் எங்க இருக்கு, சொல்லுங்க.”

எனக்குப் பாவமாக இருந்தது. அவர் மேல் இருந்த சந்தேகமும் போகவில்லை. பாவம் என்று தோன்றுவதும் சந்தேகப்படுவதும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கரண்ட் வந்து, கப்பலும் ஓட ஆரம்பித்ததும், என்னை ஹட் பேக்குக் கிளம்பச் சொன்னார் ஹெட் கிளார்க். ஆனால் ரிப்பனை எடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த வாட்டி ரிப்பன் இங்க இருக்கட்டும். நீ கையால எழுது.”

“அப்ப மெஷின் சார்?”

“அதையும் தூக்கிட்டுப் போ. இங்க இருந்தா அதுலயும் யாராச்சும் அடிப்பாக.”

அப்படி ரிப்பன் இல்லாத மெஷினைச் சுமந்துகொண்டு ஒரு பிரயாணம் போய்வந்தேன். ஹட் பேயில் நான் தங்கும் கொட்டகையின் சமையல்காரர் வழக்கம்போல, “ரிப்பன் டப்பா குடு, அரிசி மூட்டைக்குள்ள போட்டு வைக்கிறேன்,” என்றார். அங்கே அலமாரியும் கிடையாது, பல்பும் கிடையாது. ஈரம் அண்டாமல் இருக்க ரிப்பனை அரிசிக்குள் புதைத்து வைப்பதுதான் எங்கள் வழி. இந்த முறை புதைக்க ஒன்றும் இல்லை என்றேன். “ஏன், உங்க மேல நம்பிக்கை போச்சா?” என்றார்.

நான் இல்லாதபோது ஆபீசில் நடந்ததைப் பிறகு அக்கா சொல்லித்தான் அறிந்தேன். நான் ஊரிலேயே இல்லாதபோதும் ரிப்பன் நாளுக்கு நாள் வெளுத்தது. ஹெட் கிளார்க்குக்கு அதற்குமேல் ஊர்ஜிதம் தேவைப்படவில்லை. ஒரு பிற்பகல் அக்காவைக் கூப்பிட்டு, முதலாளிக்கு ஒரு கடிதம் என்றார். அக்கா தாளும் கார்பனும் ஏற்றினார். டைப்பிஸ்ட்டின் வேலை திருப்தியாக இல்லை, ஆபீஸ் சாமான் விஷயத்தில் நம்பிக்கைக்கு உரியவராக இல்லை, ஆகவே நிரந்தரம் செய்யத் தேவையில்லை. அவர் சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். ஆபீசில் அடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருவன் ஹட் பேயில். வேறு யார் அடிப்பது?

“தப்பில்லாமத்தான் அடிச்சேன்,” என்றார் அக்கா என்னிடம். “என் பேரு வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் பலமா தட்டினேன். வெளுத்த ரிப்பன்ல அது தெரியணும் இல்ல?”

கடிதம் முடிவதற்குள் பூட்டும் நேரம் ஆகிவிட்டது. தாள் மெஷினிலேயே நின்றது. ரிப்பனைக் கழற்றி டின்னில் போட்டார்கள். முதலாளிக்கு ஒரு சாட்சியும் சேர்த்து அனுப்பினால் நல்லது என்று ஹெட் கிளார்க்குக்குத் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு மட்டும் டின்னை மூடி, கயிறு கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, ஆபீஸ் பித்தளை முத்திரையை அழுத்தினார். வழக்கமான இடத்தில், விளக்குக்கு நேர் மேல்தட்டில் வைத்தார். பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். போய்விட்டார்.

காலையில் அலமாரியைத் திறந்து டின்னை எடுத்தால் முத்திரை இல்லை. அரக்கு இருந்தது, ஆனால் அழுத்திய எழுத்து எதுவும் இல்லை. வழுவழுவென்று, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி. வழக்கம்போல விளக்கை எடுத்து அக்கா மேஜையில் வைத்துவிட்டு, டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கேட்க ஆரம்பித்தார். அக்கா பதில் சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரத்தில்தான் நான் குடையும் பெட்டியுமாக உள்ளே நுழைந்தேன்.

“ஹிசாப் கிசாப் எல்லாம் எனக்குத் தெரியாது,” என்றார் ஹெட் கிளார்க். “சீலு எங்க? அதச் சொல்லும்மா. சூடு காட்டி எளக்கி, தொறந்து எடுத்து, மறுபடி ஒட்டிவச்சிருக்கு. இது வெவரமான ஆளு செஞ்ச வேல.”

“சாவி?” என்றார் அக்கா.

“அதான் எனக்கும் புரியல. ஊர்ஜிதப்படுத்திக்கிறேன்.” என் பக்கம் திரும்பினார். “வாப்பா. நீ இல்லாதப்பவும் வெளுத்துருச்சு. ஒம் மேல தப்பு இல்லேன்னு ஆகிப்போச்சு. சந்தோசமா?”

எனக்குச் சந்தோஷமாக இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில், என் மேல் அவருக்கு இருந்த சந்தேகமும் அன்றுதான் தீர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. தீர்ந்து என்ன பயன்?

வெளியே மழை கனத்தது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. கை மாறும் வரி அடிக்கும் பழக்கத்தில் நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, காலண்டர் தாளைத் தேட வேண்டி மேஜை விளக்கைப் போட்டேன். வேறொரு காரணமும் இல்லை.

முதலில் ஒரு சிறு புகை. பிறகு வாசனை. தபாலாபீசில் பார்சல் கட்டுகிற மேஜைக்குப் பக்கத்தில் வருமே, அந்த அரக்கு கருகும் வாசனை.

மூன்று பேரும் விளக்கைப் பார்த்தோம். பல்பின் தலையில் பொட்டு வைத்த மாதிரி ஒரு சிவப்புச் சொட்டு. அது கொதித்துக்கொண்டிருந்தது. விளக்கின் கழுத்திலும் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. ஹெட் கிளார்க் அலமாரிப் பக்கம் போனார். மேல்தட்டில் டின் இருந்த இடத்தில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு கம்பி தொங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். பிறகு கீழ்த்தட்டைப் பார்த்தார்.

யாரும் திறந்திருக்கவில்லை. அரக்கு தானாக உருகி விளக்கின் மேல் சொட்டியிருக்கிறது. அரக்கையே உருக்குகிற சூடு ரிப்பனின் மையை விட்டுவைக்குமா? பூஞ்சைக்குப் பயந்து வைத்த விளக்கு, திருட்டுக்குப் பயந்து பூட்டிய டின்னை ராத்திரி ராத்திரியாக வறுத்து எடுத்திருக்கிறது. டின்னில் போடுவதற்கு முன்பும் பகலெல்லாம் அதே விளக்குதான் மெஷினில் இருந்த ரிப்பனுக்கு மேல் கழுத்தை வளைத்துக்கொண்டு எரிந்திருக்கிறது. கரண்ட் இல்லாத வாரம் ரிப்பன் பிழைத்ததும், ஹட் பே அரிசி மூட்டைக்குள் அது சுகமாக இருந்ததும் அதனால்தான். இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்ல அவசியம் இல்லை, வாசனை அறை முழுக்க இருந்தது.

ஹெட் கிளார்க் அலமாரிக் கதவைச் சாத்தினார். கடைசியில், “பல்பு இம்புட்டுப் பெருசா யாரு போட்டா?” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அக்கா அவரைப் பார்த்தார்.

“நீங்கதான் சார்,” என்றார் அக்கா. குரலில் குத்தல் இல்லை. “கடைத்தெரு போய் வாங்கிட்டு வந்தீங்க. மழைல நனஞ்சு வந்தீங்க.”

அவர் டின்னை மேஜை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஜெட்டியில் யாரோ கயிறு இழுக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கடிதம் மெஷினில் அப்படியே நின்றது.

அக்கா மேஜைக்கு அந்தப் பக்கம் போனார். முதலில் விளக்கை அணைத்தார். கத்தரியால் டின்னின் கயிற்றை வெட்டினார். ரிப்பனை எடுத்து, முகர்ந்து பார்க்காமல், பெரிய மெஷினில் மாட்டினார். உருளையைத் திருப்பிப் பாதி அடித்த கடிதத்தை உருவி, கிழிக்காமல், கசக்காமல், எதிரே பலகையில் சாய்த்து வைத்தார். புதுத் தாள் இரண்டும் நடுவில் கார்பனும் சேர்த்து ஏற்றினார். உட்கார்ந்தார். விரல்களை எழுத்துகள் மேல் வைத்தார்.

“சொல்லுங்க சார்.”

ஹெட் கிளார்க் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “டியர் சார்…” என்று ஆரம்பித்தார்.

“அது பழைய லெட்டர்லயே இருக்கு சார். அடுத்த வரி.”

மழையைப் பார்த்தபடியே அவர் அடுத்த வரியைச் சொன்னார். டைப்பிஸ்ட்டின் வேலை திருப்தியாக இருக்கிறது, நிரந்தரம் செய்யலாம். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கேட்டது.

அக்கா மெஷினை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு அடிக்கத் தொடங்கினார்.